சமையலறையில் இருந்த மாணவி

மகனே, நேற்று நீ போனில் பேசி முடித்த பிறகு, கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாணம் அடுத்த மாதம். பந்தல்காரரைப் பார்க்க வேண்டும், பெண்ணாடத்துப் பெரியம்மாவுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும், பிரியாணிக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தபோது, நடுவில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, பெரியவர்களுக்கு நடத்துகிற சாயங்கால இங்கிலீஷ் வகுப்பைக் கல்யாணத்தோடு மூடிவிடப் போகிறாய். "யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க அத்தா. கேமராவ ஆஃப் பண்ணிட்டு எங்கயோ போயிடுறாங்க. செவுத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்குது" என்றாய். இன்னொன்று, உனக்கு நிச்சயம் பண்ணிய சனா, உன்னிடம் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தைத் தமிழையும் இப்போது விட்டுவிட்டாள், நீ தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வருகிறது என்றாய். இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அதைப் போனில் சொல்லத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இங்கே நம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் நடத்திய நாட்களில், உன் வகுப்பில் 'பாத்திமா, பெண்ணாடம்' என்று ஒரு பெயர் இருந்ததே, நினைவிருக்கிறதா? முகம் காட்டாமல், வாய் திறக்காமல் இருந்து, கடைசியில் நீ வகுப்பை விட்டு எடுத்துவிட்டாயே, அந்தப் பெண்மணி. அது உன் அம்மா. இதைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். "அவன் மனசு ஒடஞ்சு பூடும், சொல்லாதீங்க" என்றாள். அவள் இருந்தவரை சொல்லவில்லை. மவுத்தான பிறகும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். சனாவும் வாயை மூடிக்கொண்டாள் என்று நேற்றுக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. உன்னைக் குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அவளே ஒரு நாளும் உன்னைக் குற்றம் சொன்னதில்லை, நான் யார் சொல்வதற்கு.

உன் அம்மாவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? நான் குவைத்தில் மளிகைக் கடையில் நின்ற வருஷங்களில் ஜங்ஷன் ரோட்டுப் பீங்கான் கடையைத் தனி ஆளாக நடத்தியவள். பீங்கான் செய்கிற யூனிட்டிலிருந்து ஜாடியும் அகலும் பொம்மையும் வைக்கோல் சுற்றி வந்து இறங்கினால், ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பை நகத்தால் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் கணீரென்று வந்தால் அலமாரிக்குப் போகும். மொத்தென்று வந்தால், "கீறல் இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்பாள். வெளியே கீறல் ஒன்றும் தெரியாது, யூனிட்காரர் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போவார். ஒருமுறை பாதிச் சரக்கு உடைந்து வந்தபோது லாரிக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்க ஓட்டிட்டு வந்தது லாரியா, ஒரலா?" என்று கேட்டாள். அந்த மனுஷர் கோபிக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் போன் செய்தால், பேசி முடித்ததும் மற்றவர்களைப் போல 'வெச்சிடறேன்' என்று சொல்லமாட்டாள். "போயிட்டு வாங்க" என்பாள், ஏதோ நான் தெருமுனைக் கடைக்குப் போகிறவன் மாதிரி. 'வெச்சிடறேன்' என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அது என்ன, வைத்துவிட்டுப் போவதற்குப் பேச்சு என்ன பாத்திரமா என்று கேட்பாள். அப்படிப் பேசுகிறவள் ஒரு நாள் ஊமையாகிப் போனாள். அது ஹைதராபாத்தில், உன் நிச்சயதார்த்தத்தில்.

உனக்கு அது சின்ன விஷயம். சனாவின் அம்மா பள்ளிக்கூட டீச்சர், உருதுவும் இங்கிலீஷும் தவிர வேறு தெரியாது. நம் வீட்டில் உருது ஏது? பெண்கள் எல்லோரும் உள்ளறையில் இருந்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அந்தம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார். உன் அம்மா வாய் நிறையச் சிரித்து, "எஸ், எஸ்" என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது. சனா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா கேட்டது என்னவென்றால், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பெண் வேலைக்குப் போவதில் உங்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று. நீதான் சட்டென்று சிரித்துக்கொண்டே சமாளித்தாய், அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, எதற்கும் எஸ் என்றுதான் சொல்வார்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள், சிக்கல் தீர்ந்தது. நல்ல பிள்ளையாகத்தான் நீ அதைச் செய்தாய். ஆனால் அவளும் சேர்ந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நான் மட்டும்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் கேட்டாள், அவர்கள் கேட்டது என்ன என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷை வைத்துச் சொன்னேன். வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைப் பிரிக்கவில்லை. எழும்பூரில் விருத்தாசலம் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் வாய் திறந்தாள். "அந்தப் புள்ள என்னா நெனச்சிருக்கும்? நானே கடையில நின்னு பொழச்சவ. நான் போயி ஒரு பொண்ண வேலைக்குப் போவாதன்னு சொல்லுவனா?" என்றாள். தம்பிதான் விளக்கிச் சொல்லிவிட்டானே என்றேன். "அவன் சொன்னது அவன் சொன்னது. என் வாயால நான் சொல்லணும். நீ வேலைக்குப் போம்மா, வூட்ட நான் பாத்துக்குறேன்னு நானே அதுகிட்டச் சொல்லணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், மகனே, அந்த வயதில் உன் அம்மா இங்கிலீஷ் படிக்கக் கிளம்பினாள்.

உன்னிடமே கேட்டிருக்கலாமே என்றுதான் நீ நினைப்பாய். நானும் அதையேதான் சொன்னேன். வீட்டிலேயே வாத்தியாரை வைத்துக்கொண்டு ஏன் ஒளிந்து மறைந்து படிக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "அம்மான்னு தெரிஞ்சா அவன் பாவம் பாப்பான். பாத்திமான்னா பாடம் நடத்துவான்" என்றாள். கடைக்கென்று வைத்திருந்த பழைய போனில் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஊரைப் பெண்ணாடம் என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்களைப் போல முறையாகச் சேர்ந்தாள். நீ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் ஆரம்பிப்பாய். அவள் கீழே சமையலறையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் அது முதலில் மாடிப்படி வழியாக இறங்கி வரும், ஒரு நொடி கழித்துப் போனில் வரும். "ஒரே சேதிய ரெண்டு தடவ சொல்றான், நல்லா மனசுல நிக்கிது" என்பாள். நீ "யார் வீட்டுலயோ எக்கோ அடிக்குது, மைக்க மியூட்ல போடுங்க" என்று சலித்துக்கொள்வாய். அது உன் குரலேதான். அவள் மைக் வழியாக மறுபடி உனக்கே திரும்பி வந்தது. ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது. "பாடம் நடக்குறப்ப யாருங்க சமைக்கிறது?" என்று நீ மேலே கேட்டது எனக்குக் கூடம்வரை கேட்டது. அவள் பதறிப்போய் அடுப்பை அணைத்தாள். அன்று நம் மூவருக்கும் சாதம் அரை வேக்காடு. நீ ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாய்.

பேரைச் சொல்லி நீ கூப்பிட்டால் குரலைத் தாழ்த்தி, "எஸ் சார்" என்பாள். பெற்ற பிள்ளையை சார் என்று கூப்பிட்டுவிட்டு, போனை அணைத்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். புரிந்ததா என்று கேட்டாலும் எஸ் சார், புரியவில்லையா என்று கேட்டாலும் எஸ் சார். பயத்தில் வருகிற எஸ் அது. ஹைதராபாத்தில் சொன்னாளே, அதே எஸ். சமையலறையில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்ப்பாள், தப்பில்லாமல்கூட வரும். நாலு பேர் கேட்கிற இடத்தில், அதுவும் கேட்பவர்களில் ஒருவன் தன் மகன் என்று தெரிந்த இடத்தில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் நீ சட்டம் போட்டாய், நாளையிலிருந்து முகம் காட்டாதவர்கள் வர வேண்டாம் என்று. உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருட்டுப் பெட்டிகளைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் ஒருவன் கத்துவான்? அன்று முழுக்க அவள் தவித்த தவிப்பு. சமையலறை தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு போர்வையைக் கட்டிப் பார்த்தாள். முகத்தை மூடிக்கொண்டு உட்காரலாமா என்று யோசித்தாள், "என் கண்ணப் பாத்தே கண்டுபுடிச்சுடுவான்" என்று அதையும் விட்டாள். பேசாமல் அவனிடம் சொல்லிவிடு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மறுநாள் கேமரா போடாமலே உள்ளே வந்தாள், ஒரு நாள் பொறுத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில். நீ இரண்டு முறை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். பிறகு போனில் ஒரு வரி வந்து நின்றது. அதை என்னிடம் நீட்டி, "என்னா போட்டுருக்குது, படிங்க" என்றாள். நான் படித்துச் சொன்னேன். "சரி, சார் வெளிய அனுப்பிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். நான் கடைப் பக்கம் எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ பசியோடு இறங்கி வந்தாய். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு ஆளத் தூக்கிட்டம்மா. பெண்ணாடத்துப் பொம்பள. மொகமும் காட்டுறதில்ல, பதிலும் சொல்றதில்ல. சும்மா பொழுது போவுலன்னு வந்து உக்காந்துருக்கும் போல" என்றாய். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "வுடு தம்பி, அதுக்கு என்னா கஷ்டமோ" என்றாள். "கஷ்டம்னா சொல்லணும்ல? படிக்கணும்னு நெனக்கிறவங்க இப்புடியா இருப்பாங்க?" என்றாய் நீ. "இன்னொன்னு போடட்டா, முறுகலா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு, "தெரியாம பேசுது புள்ள, நீங்க ஏன் மூஞ்சத் தூக்கி வச்சுக்குறீங்க?" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், நீ மூடப்போகிற வகுப்பில் இருட்டுப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். குவைத்தில் நானும் இப்படித்தான் ஒரு பாஷை கற்றுக்கொண்டேன். கடையில் என்னோடு கிரண் என்று ஒரு நேபாளி இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நேபாளி தெரியாது. இரண்டு பேரும் அரபியில்தான் பேசிக்கொள்வோம். எங்கள் அரபியை ஒரு அரபி கேட்டிருந்தால் கடைப் பக்கமே வந்திருக்க மாட்டார். ஆனால் ஒருவன் தப்பு இன்னொருவனுக்குத் தெரியாததால் கூச்சமில்லாமல் பேசினோம், பேசிப் பேசி வந்துவிட்டது. அங்கே என்னைத் தெரிந்தவர் யாருமில்லை, விருத்தாசலத்துக்காரன் ஒருவன் வந்து நின்றால் மட்டும் எனக்கு அரபி மறந்துபோகும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, தப்பாகப் பேசினால் நாமே கொஞ்சுகிறோம். வளர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. கடையில், பட்டறையில், வீட்டில் தன் வார்த்தைக்கு ஒரு மதிப்பைச் சேர்த்து வைத்திருப்பார்கள். உன் வகுப்பில் வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். நீ அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறாய்.

நான் வாத்தியார் இல்லை, உனக்குப் பாடம் எடுக்க வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோருக்கும் நடுவில் புரிந்ததா என்று கேட்காதே, அதற்குப் பதில் எஸ் என்பது மட்டும்தான். பேசத் தயங்குகிறவர்களை உனக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல், நீயும் அவர்களுக்கு மட்டும் பதில் சொல். முகத்தை அவர்களாகக் காட்டும்வரை காத்திரு. உனக்குப் பிடித்த பண்டிகை எது என்று கேட்டு என்ன ஆகப் போகிறது? ஆட்டோ ஓட்டுகிறவரிடம் ஆட்டோவைப் பற்றிக் கேள். பீங்கான் விற்கிறவளிடம் நல்ல ஜாடியை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டிருந்தால், எஸ் சாரைத் தாண்டி அவள் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ. பெங்களூரில் சனிக்கிழமை நேரில் நடத்துகிற வகுப்பிலும் கடைசி வரிசையில் போய் உட்காருகிற ஆள் ஒருவர் இருப்பார். அவரை எழுப்பி நிற்கவைக்காமல், அவரைப் போலவே தடுமாறுகிற இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவை. இரண்டு பேரும் தப்புத் தப்பாகப் பேசிக்கொள்ளட்டும். இது நானாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. உன் அம்மாவும் சனாவும் செய்து காட்டியது.

ஆமாம், சனாவும்தான். அது உனக்குத் தெரியாத இன்னொரு கதை. அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவர்கள் குடும்பமாக வந்தார்கள் இல்லையா? நீ வாசலில், ஓத வந்த ஹஜ்ரத்தோடு பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் நம் கடைக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். சனா தன் கோப்பையை வாங்கினாள். யோசிக்காமல், பழக்கமாக, விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதை லேசாகச் சாய்த்தாள். நம் வீட்டில் அப்படிச் செய்கிறவள் ஒருத்திதான், அவளை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிவிட்டது. சனா என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, இதுல கீறல் இருக்குது" என்றாள். ஹைதராபாத்துப் பெண்ணின் வாயில் ஜங்ஷன் ரோட்டுத் தமிழ். யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மாமி" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

தட்டுத் தடுமாறி அவளே சொன்னாள். பெருநாள் வாழ்த்துச் சொல்ல அவள் போன் செய்தபோது நீ பள்ளிவாசலில் இருந்திருக்கிறாய், வீட்டில் இருந்த உன் போனை அம்மா எடுத்திருக்கிறாள். நீ வகுப்பிலிருந்து அவளை அனுப்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சனாவின் குரலைக் கேட்டதும் இங்கிலீஷில் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யூ கோ ஜாப். ஐ ஹேப்பி. மை சன் நோ கிச்சன், ஐ டீச்." சனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். அன்றிலிருந்து மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களாம். அவள் இவளுக்குத் தமிழ், இவள் அவளுக்கு இங்கிலீஷ். "நான் தப்பு பேசுவாங்க, மாமி சிரிப்பாங்க. மாமி தப்பு பேசுவாங்க, நான் சிரிப்பாங்க" என்றாள் சனா. அம்மா போனை அலமாரிக்கு எதிரில் காட்டி ஜாடி, அகல், வைக்கோல், கீறல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உன் வகுப்பில் ஒரு நாளும் கேமரா போடாதவள், சனாவிடம் முதல் நாளே போட்டிருக்கிறாள். கல்யாணத்தன்று இருவரும் பேசி உன்னை அசத்துவதாகத் திட்டமாம். அதனால்தான் சனாவும் உன்னிடம் மூச்சுவிடவில்லை. இப்போது அம்மா இல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. புறப்படும் நேரத்தில் எல்லோரும் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மார்க்கத்தில் இதெல்லாம் இல்லைதான், ஆனாலும் துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்கிற ஊர் வழக்கம் நம்மையும் விடவில்லை. சனா வாசல்படியில் நின்று, திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தெளிவாக, "போயிட்டு வரேன் மாமா" என்றாள். கூடம் திடுக்கிட்டது. பெரியம்மா "ஐயையோ" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நீ அவசரமாக அவள் பக்கம் போய், இங்கே அதைச் சொல்லக் கூடாது, தெரியாத வார்த்தையை ஏன் சொல்கிறாய் என்று இங்கிலீஷில் சொன்னாய். அவள் முகம் அப்படியே வாடிப்போயிற்று. அவளுக்குத் தெரிந்தது அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பேச்சு முடிந்தால் எங்கிருந்தாலும், போனாக இருந்தாலும், போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் போகக் கூடாது என்று. எந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க அம்மாவுக்கு நாள் இல்லாமல் போய்விட்டது.

நெஞ்சு வலிக்கிறது என்று கடையில் உட்கார்ந்தவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போதுகூட, பக்கத்துக் கடைக்காரரிடம், "கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க, போயிட்டு வரேன்" என்றாள். நீ உன் வேலைகளுக்கு நடுவே ஓடி வந்துவிட்டாய், அங்கே அவள் கண் திறக்கவே இல்லை. திரும்பி வரவில்லை. அவளை நினைத்து நான் அழாத நாள் இல்லை, மகனே. ஆனால் அன்று சனா சொன்னபோது எனக்குத் துக்கமாக இல்லை. நாற்பது நாளாக வீட்டில் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. பெரியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் வாசல்வரை போய், "போயிட்டு வாம்மா" என்றேன். நீ அப்போது காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அவளுக்கும் கேட்டதா என்று தெரியவில்லை.

இன்று காலையில் நானே அவளைக் கூப்பிட்டேன். இங்கிலீஷில் பேசினாள். தமிழ் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, தப்பு தப்பாக வருகிறது, எல்லோருக்கும் சங்கடம், அதனால் விட்டுவிட்டேன் என்றாள், அதையும் இங்கிலீஷில்தான். எனக்கு அந்தச் சமையலறை நினைவு வந்துவிட்டது. ஒருத்தி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி இங்கிலீஷை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் அனுப்பியவன் நல்லவன், கெட்டிக்காரன், பிழை பொறுக்காதவன். அம்மா போய்விட்டாள், அவளை மறுபடி வகுப்பில் சேர்க்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. சனா இருக்கிறாள். அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு வருகிறாள். வந்து வாய் பேசாமல் உலவுவாள் என்றால் அந்தக் கல்யாணத்தை நான் எப்படிச் சந்தோஷமாக நடத்துவேன், சொல்.

வகுப்பை மூடாதே. திங்கட்கிழமை உட்காரும்போது பாதிப் பெட்டிகள் இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும். யார் வீட்டிலாவது குக்கர் விசில் அடித்தால் மியூட் செய்யச் சொல்லாதே, அது அடங்கும்வரை பொறுத்துக்கொண்டு அப்புறம் பாடத்தைத் தொடங்கு.

அதற்கு முன்னால், இதை மடித்து வைத்ததும், சனாவுக்குப் போன் போடு. தமிழில் பேசு, அம்மா பேசிய தமிழில். முதலில் பேசமாட்டாள். நீ அவளிடம் உருதுவில் நாலு வார்த்தை தப்பாகப் பேசிப் பார், சிரித்துவிட்டுப் பேசுவாள். பேச்சு முடிந்து போனை வைக்கிற நேரத்தில் பழக்கதோஷத்தில் அவள் வாயில் அது வரும், "போயிட்டு வரேன்" என்று. போனில் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று திருத்திவிடாதே. இந்த வீட்டில் ஒருத்தி சொல்வாள். நீ "போயிட்டு வா" என்று மட்டும் சொல்.

உன் அத்தா